ஹனிநட் ஸ்குவாஷ்: மூன்று சீசன் வாங்கிச் சுட்ட அனுபவம்

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பூசணியைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஹனிநட். இந்த மாதிரிப் பூசணி வகைகளை அமெரிக்காவில் ஸ்குவாஷ் என்பார்கள். பட்டர்நட் ஸ்குவாஷைப் பார்த்தவர்களுக்கு உருவம் தெரியும்: மேலே கழுத்து, கீழே குண்டு, குண்டுக்குள் விதை. அதையே ஐந்தாறு அங்குலத்துக்குச் சுருக்கி, வெளிர்மஞ்சள் தோலை ஆழ்ந்த ஆரஞ்சாக மாற்றினால் ஹனிநட். ஒரு காய் சுமார் ஒரு பவுண்டு, அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாகப் பிளந்தால் ஆளுக்குப் பாதி. போன சீசனில் மட்டும் நாற்பதுக்கு மேல் சுட்டிருப்பேன். குளிர்காலத்தில் தொட்டுக்கொள்ள ஓவனில் வைக்கிற காய்களில் இதை மிஞ்ச ஒன்றில்லை என்பது என் முடிவு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பழுக்காததை வாங்கினால் இதைப்போல் சப்பென்ற காயும் இல்லை.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. மற்ற ஊர்களில் பரங்கி, மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்பதை நாங்கள் அரசாணிக்காய் என்போம். சந்தையில் கீற்றுக் கீற்றாக வெட்டி வைத்திருப்பார்கள். அம்மா சின்ன வெங்காயம், வரமிளகாய் போட்டு வதக்கி, இறக்கும்போது கை நிறையத் தேங்காய்ப்பூ தூவுவார். எனக்கு அந்தப் பொரியல் உயிர். ஆனாலும் இப்போது யோசித்தால் அதன் ருசியில் பாதி தேங்காயுடையது. காய் தண்ணீர் விடும், சீக்கிரம் குழையும், தேங்காய்தான் அதைத் தூக்கி நிறுத்தும்.

இங்கே நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்காவுக்குக் குடிவந்த புதிதில், அரசாணிக்கு மாற்றாக எனக்குக் கிடைத்தது பட்டர்நட். இரண்டும் ஒரே தாவர இனம், குக்கர்பிட்டா மோஸ்கேட்டா. குக்கர்பிட்டா என்ற பேரினமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்ததுதான். நம் ஊருக்குக் கப்பலேறி வந்த காய். பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கிக்காய் என்று சொல்வார்கள். இத்தாக்கா நகரம் கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது. ஏரிக்குப் பெயர் தந்த கயூகா பழங்குடி மக்களும், அவர்கள் சேர்ந்திருக்கும் ஹோடினோஷோனி கூட்டமைப்பின் மற்ற இனத்தாரும் மக்காச்சோளம், பீன்ஸ், ஸ்குவாஷ் மூன்றையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து வளர்த்தவர்கள். சோளத்தட்டில் பீன்ஸ் கொடி ஏறும், ஸ்குவாஷ் இலை நிலத்தை மூடி ஈரம் காக்கும். அந்தக் காயின் சொந்தக் கண்டத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

நான்கு வருடம் பட்டர்நட்டோடு மல்லுக்கட்டினேன். மூன்று நான்கு பவுண்டுக் காய், கழுத்தில் கத்தி இறங்காது. தோல் சீவினால் உள்ளிருந்து ஒரு பால் கசியும். அது கையில் காய்ந்து ஆரஞ்சுப் படலமாகி, விரல் தோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சோப்பு போட்டாலும் உடனே போகாது. இதற்குப் பயந்து ஒரு பெரிய கடையில் வெட்டிப் பாக்கெட்டில் அடைத்த துண்டுகளை வாங்கினேன். வெளிப்புறம் வறண்டு வெள்ளை பூத்திருந்தது, பாக்கெட்டின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று கொண்டைக்கடலை அளவு. பெரியது வேகும்முன் சிறியது கரிந்தது. நேரம் மிச்சமாகிறது என்று யாராவது சொன்னால், அந்த நேரத்துக்கு வேறு காய் செய்யலாம் என்றுதான் சொல்வேன்.

முழுக் காயை வாங்கி ஒழுங்காக வெட்டிச் சுட்டாலும் பட்டர்நட்டுக்குத் துணை வேண்டியிருந்தது. இங்குள்ளவர்கள் மேப்பிள் சிரப் ஊற்றுவார்கள், நாட்டுச்சர்க்கரை போன்ற பழுப்புச் சர்க்கரை தூவுவார்கள், இலவங்கப்பட்டை போடுவார்கள். நான் தேங்காய் போட்டேன். காயின் குறையை ஆளுக்கொரு விதமாக மூடிக்கொண்டிருந்தோம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஹனிநட்டை முதலில் பார்த்தது ஸ்டீம்போட் லேண்டிங்கில், ஏரிக்கரை மரக் கொட்டகைக்குள் நடக்கும் உழவர் சந்தையில். முப்பது மைல் சுற்றளவுக்குள் விளைவித்தவர்களும் செய்தவர்களும் மட்டுமே அங்கே கடை போடலாம். ஒரு மரப்பெட்டி நிறையக் குட்டிக் காய்கள். அழகுக்கு வைக்கிற காய் என்று நினைத்தேன். கடைக்கார அம்மா ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்து, சீவ வேண்டாம், பாதியாக வெட்டி உப்பும் எண்ணெயும் தடவிச் சுடுங்கள், சர்க்கரை பக்கமே போகாதீர்கள் என்றார். இரண்டு வாங்கினேன். அன்று இரவு சுட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை போய் எட்டு வாங்கினேன்.

இந்தக் காய் பிறந்ததும் எங்கள் ஊர் மலைமேல்தான், கார்னெல் பல்கலைக்கழகத்தில். பிறந்த கதையைத் தெரிந்துகொண்டபின் ருசிக்கான காரணமும் புரிந்தது. பட்டர்நட் 1940களில் மாசச்சூசெட்ஸில் ஸ்டோ என்ற ஊரில் சார்ல்ஸ் லெகெட் என்பவர் உருவாக்கியது. பிறகு அதே மாநிலத்தின் வால்தம் ஆய்வுப் பண்ணையில் அதைச் சீராக்கினார்கள். வால்தம் பட்டர்நட் 1970இல், புது விதை ரகங்களுக்குத் தரும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கியது. ஒரே அளவாகக் காய்க்கும், கழுத்து நேராக இருக்கும், மாதக்கணக்கில் கெடாது. பயிரிடுகிறவருக்கும் விற்கிறவருக்கும் நல்ல குணங்கள்.

2009இல் கார்னெலின் காய்கறி இனவிருத்தி ஆய்வாளர் மைக்கேல் மசூரெக், நியூயார்க் நகருக்கு வடக்கே ஸ்டோன் பார்ன்ஸ் பண்ணையில் இருக்கும் புளூ ஹில் உணவகத்துக்குப் போனபோது, சமையல்காரர் டான் பார்பர் அவரிடம் பட்டர்நட்டைக் காட்டி, இதைச் சிறிதாக்கி ருசியைக் கூட்ட முடியாதா என்று கேட்டாராம். பட்டர்நட்டையும் பட்டர்கப் என்ற இன்னொரு ஸ்குவாஷையும் கலந்த வழியில் வந்தது ஹனிநட். பட்டர்கப் வெளியே கரும்பச்சையாக, உள்ளே மாவாக, இனிப்பாக இருக்கும். காயைக் கேட்டவர் சமைக்கிறவர், கேட்டது ருசியை. வாயில் வைத்தவுடன் அது தெரிகிறது. தண்ணீர் குறைந்து சதை இறுகியிருக்கிறது. இனிப்பும், அதற்குப் பின்னால் வறுத்த வேர்க்கடலை போல ஒரு கனமும் இருக்கிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தோலின் நிறம். ஹனிநட் கொடியில் பச்சையாக இருக்கும், பழுக்கப் பழுக்க ஆரஞ்சாகும். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். காம்படியிலோ முதுகிலோ பச்சை வரி ஓடினால் வைத்துவிடுங்கள். இரண்டாவது வருடம் சந்தைக்குப் போக முடியாத ஒரு வாரம், ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மூன்று அடங்கிய வலைப்பையை அவசரமாக வாங்கிவந்தேன். இரண்டில் விரலகலப் பச்சைக் கோடு. சுட்டபின் மாவும் இல்லை, இனிப்பும் இல்லை, வெள்ளரிக்காயை வேகவைத்தது போல இருந்தது. நல்லது முழுக்க ஆரஞ்சாக, பளபளப்பில்லாமல் மங்கலாக, காம்பு காய்ந்து தக்கை போல இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். நகத்தால் அழுத்தினால் தோல் சட்டென்று கீறக்கூடாது.

சுடும் முறையில் நான் பல விதம் செய்து பார்த்துவிட்டு ஒன்றில் நிலைத்திருக்கிறேன். ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, செல்சியஸில் ஏறக்குறைய 220க்கு, முழுதாகச் சூடேற்ற வேண்டும். விளக்கு அணைந்தபிறகும் பத்து நிமிடம் விடுவேன். காயைக் கழுவித் துடைத்து, காம்பிலிருந்து நீளவாக்கில் பிளக்க வேண்டும். பெரிய கத்தியே வேண்டாம், காய்கறிக் கத்தி போதும். கரண்டியால் விதையை வழித்தெடுங்கள். வெட்டிய முகத்தில் கடலை எண்ணெய் தடவி, ஓவனுக்குள் வைக்கப்போகும் கடைசி நிமிடத்தில் கல்லுப்பைப் பொடித்துத் தூவுங்கள். முன்னாலேயே உப்புப் போட்டு வைத்தால் முகமெல்லாம் தண்ணீர் கோத்துக்கொள்ளும். வெண்ணெயை இந்தச் சூட்டில் தடவினால் அதிலுள்ள பால்சத்து கரிந்து கசக்கும். வெண்ணெய் வேண்டுமென்றால் சுட்டபிறகு.

வெட்டிய முகம் கீழே படும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். இதில்தான் எல்லாம் இருக்கிறது. உலோகத்தில் நேராகப் படுகிற முகம் சிவக்கும். விதை இருந்த குழிக்குள் ஆவி அடைபட்டு, சதை அந்த ஆவியிலேயே வேகும். ஒரே வேலையில் பொரியலும் ஆவி வேகலும் நடக்கிறது. முப்பது நிமிடம் கழித்துத் தோசைத் திருப்பியால் அடியோடு நெம்பித் திருப்பினால், முகம் முழுக்கப் பணியாரத்தின் அடி போலச் சிவந்திருக்கும், ஓரத்தில் சாறு கசிந்து பாகாகி ஒட்டியிருக்கும். அந்தப் பாகுக்குப் பாப்பா சண்டை போடுவாள். திருப்பியபடியே இன்னும் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிடலாம். கழுத்தில் முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் ஆயிற்று.

தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனமான, விளிம்பு தாழ்ந்த, பூச்சில்லாத அலுமினியத் தட்டு வாங்குங்கள். இங்கே ஹாஃப் ஷீட் பான் என்பார்கள், பதினெட்டுக்குப் பதின்மூன்று அங்குலம். எங்கள் வீட்டில் முதலில் இருந்த மெல்லிய தட்டு, சூட்டில் டமாரென்று முறுக்கிக்கொண்டு காயையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். ஆழமான கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம், ஆவி வெளியே போக வழியில்லாமல் காய் வெந்துவிடும், சிவக்காது. ஒரு தட்டில் எட்டுப் பாதி, இடையிடையே விரல் இடம் விட்டு. பன்னிரண்டை நெருக்கி அடுக்கிய அன்று எல்லாம் வெளிறிப்போய் வந்தது. ஈரம் போனபிறகுதான் காய் சிவக்க ஆரம்பிக்கும். நெருக்கினால் ஒன்றின் ஈரம் இன்னொன்றை நனைத்துக்கொண்டே இருக்கும்.

தோலோடு சாப்பிடலாம். மெல்லிய தோல், சுட்டதும் வறுத்த மிளகாய்த் தோல் அளவுக்கு மென்மையாகிவிடும். இதை அம்மாவிடம் வீடியோ காலில் காட்டியபோது அவரால் நம்ப முடியவில்லை.

“தோலோடவா திங்கறீங்க கண்ணு? வயித்த வலிக்காதா?”

“ஒண்ணும் பண்ணாதுங்கம்மா. பீர்க்கங்காய்த் தோல்ல தொவையல் அரைக்கறமல்லங்க, அதுமாதிரிதானுங்.”

போன அக்டோபரில் அம்மா இங்கே வந்திருந்தார். முதல் நாள் சுட்ட காயைத் தட்டில் வைத்ததும், தேங்காய் இருக்கிறதா என்றார். துருவிக் கொடுத்தேன். பாதியைத் தேங்காயோடும் பாதியை வெறுமனேயும் சாப்பிட்டுவிட்டு, தேங்காய் போட்டால் காய் ருசி தெரியவில்லை என்றார். அறுபது வருடம் அரசாணிக்காய் சமைத்தவர் சொன்னது என்பதால் இதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

மேலே தூவ நான் பயன்படுத்துவது இரண்டு விதம். வீட்டில் சாப்பாட்டோடு என்றால் மிளகும் சீரகமும் வெறும் சட்டியில் வறுத்து, அம்மியில் தட்டுவது போல ஒன்றிரண்டாகத் தட்டி, சூட்டோடு தூவி, எலுமிச்சை அரை மூடி பிழிவேன். மிளகு ரசமும் சோறும் இதுவும் இருந்தால் அந்த இரவுக்கு வேறு எதுவும் வேண்டாம். பனி கொட்டுகிற நாளில் என் வீட்டுக்காரர் இதைக் கேட்டே வாங்குவார். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சிவந்த முகம் எண்ணெயில் நமுத்துப்போய்விட்டது, அவ்வளவு நேரம் கவிழ்த்துச் சுட்டது வீண். பொரிகடலைப் பொடியும் அதே கதை, ஈரத்தை இழுத்து மாவாகிவிடும்.

நவம்பர் நான்காம் வியாழன், தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள் அன்று எங்கள் அடுக்குமாடியில் ஏழெட்டு வீட்டார் சேர்ந்து சாப்பிடுவோம். ஆளுக்கொன்று செய்துகொண்டு வர வேண்டும். வான்கோழி, ரொட்டி ஸ்டஃபிங், கிரான்பெர்ரி, மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் மற்றவர்கள் பொறுப்பு, ஸ்குவாஷ் என் பொறுப்பு. அன்று மட்டும் வெண்ணெயைச் சிறு தீயில் பழுப்பு நிறத்துக்கு உருக்கி, அதில் சேஜ் இலைகளைப் பொரித்து, சுட்ட காயின் குழிக்குள் ஒரு கரண்டி விடுவேன். சேஜ் வாசனை நமக்குப் பழக்கமில்லாதது, கற்பூரவல்லிக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். கீழ்வீட்டுப் பாட்டியம்மா எண்பதைத் தாண்டியவர். சிறுவயதில் ஏகார்ன் ஸ்குவாஷின் குழியில் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துச் சுட்டதைத்தான் தின்று வளர்ந்தாராம். எவ்வளவு சர்க்கரை போட்டாய் என்று கேட்டார். போடவே இல்லை என்றேன். இன்னொரு பாதியை எடுத்துக்கொண்டு கைப்பையிலிருந்த காகிதத்தில் பெயரை எழுதிக்கொண்டார்.

மற்ற ஸ்குவாஷ்களையும் விட்டுவிடவில்லை. டெலிகாட்டா அடுத்த இடத்தில் வரும். நீண்ட உருளை, வெண்மஞ்சள் தோலில் பச்சைக் கோடுகள். இதில் கோடு இருப்பதுதான் இயல்பு, ஹனிநட் கணக்கைப் போடாதீர்கள். பழைய காய், 1890களிலேயே நியூயார்க்கின் பீட்டர் ஹெண்டர்சன் விதைக் கம்பெனி விற்றது. வளையமாக நறுக்கினால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வேலைநாள் மாலைக்கு ஹனிநட்டைவிட இதுவே வசதி. ருசியில் மட்டும் அந்தக் கனம் இல்லை. கபோச்சா நல்ல மாவுக்காய், வேர்க்கடலையும் சர்க்கரைவள்ளியும் சேர்ந்தது போல. ஆனால் தொண்டையை அடைக்கிற அளவுக்கு வறண்டது. சாம்பாரில் போட அதைப்போல் வராது, சுட்டுத் தனியாகத் தின்ன எனக்கு ஒத்துவரவில்லை. ஏகார்ன் பார்க்க அழகு, வாயில் நார்.

குறையும் உண்டு. தோல் மெலிது என்பதால் நாள் தாங்காது. பட்டர்நட்டை அக்டோபரில் வாங்கிக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் பிப்ரவரி வரை இருக்கும், வைக்க வைக்க மாவுச்சத்து சர்க்கரையாகி இனிப்பும் கூடும். ஹனிநட் எங்கள் சமையலறையில் ஐந்தாறு வாரத்துக்குமேல் நின்றதில்லை. கழுத்தில் சுருக்கம் விழும், அப்புறம் மிருதுவாகும். ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். முழு ஸ்குவாஷ் எதற்கும் அந்தக் குளிர் ஆகாது, உள்ளேயே ஊறல் தட்டிவிடும். ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பிவைத்து, வாரம் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. சிறு கீறல் பட்ட காயை முதலில் சமைத்துவிட வேண்டும்.

விலையும் கூடுதல்தான். போன சீசனில் நான் கொடுத்தது ஒன்றுக்கு இரண்டு டாலர். பவுண்டுக் கணக்கில் பார்த்தால் பட்டர்நட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பட்டர்நட்டில் சீவி எறிகிற தோல் இதில் தட்டுக்கு வருகிறது, கூடவே சிரப், சர்க்கரை, தேங்காய் எதுவும் தேவையில்லை. நான்கு பேருக்கு இரண்டு காய், நான்கு டாலரில் முடிகிறது. பத்துப் பதினைந்து பேர் வரும் விருந்துக்கோ சூப்புக்கோ என்றால் பட்டர்நட்டே வாங்குங்கள். அரைத்துக் கரைக்கப்போகிற காய்க்கு இந்த விலை வேண்டாம். சிறு குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதை அழுத்திச் சொல்வேன். உப்பில்லாமல் சுட்டு, கரண்டியால் வழித்து மசித்தால் நார் ஒன்றும் கிடைக்காது. பாப்பா பத்து மாதத்தில் முதலில் வாய் திறந்து கேட்ட காய் இதுதான்.

விதையை எறியாதீர்கள். கொஞ்சமாகத்தான் இருக்கும். நாரைக் கழுவி, துணியில் உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறி, காயை எடுத்தபிறகு ஓவனை 300 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கி, பதினைந்து நிமிடம் வைத்தால் படபடவென்று வெடிக்கும். தோலோடு கடித்துத் தின்கிற அளவு மெல்லிய விதை.

எங்கள் சந்தையில் செப்டம்பர் கடைசியில் தலைகாட்டும். முதல் வாரத்தில் பச்சை கலந்தவை நிறைய வரும், அவசரப்படாமல் அக்டோபர் இரண்டாம் வாரம் போனால் பெட்டி முழுக்க ஆரஞ்சாக இருக்கும். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடுகிறது, இரண்டு வருடமும் பார்த்துவிட்டேன். அதனால் இந்தமுறை முன்னாலேயே பன்னிரண்டு வாங்கிவிட்டேன். சமையலறை ஜன்னலோரம் பழைய செய்தித்தாளில் பரப்பியிருக்கிறேன். ஆறு தீர்ந்து ஆறு இருக்கின்றன. கதவுப் பக்கம் இருப்பதன் கழுத்தில் இன்று காலை முதல் சுருக்கம் விழுந்திருக்கிறது. ஓவன் சூடாகிக்கொண்டிருக்கிறது, ரசத்துக்குப் புளி ஊறுகிறது.